தமிழ்நாட்டை ஊர் ஊராகப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்த மாநிலத்தை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: எங்கே தொடங்குவது, எப்போது போவது, போன இடத்தில் எதைப் பார்ப்பது. கீழே உள்ள பதில்களுக்கெல்லாம் அடியில் ஒரே யோசனை ஓடுகிறது. வரலாற்றுக்கு ஒரு பயணம், பண்பாட்டுக்கு ஒரு பயணம், இயற்கைக்கு ஒரு பயணம் என்று தனித்தனியாகப் பிரிக்காதீர்கள். நம்ம ஊர்ப்பக்கம் கோயிலும் ஏரியும் வயலும் கூத்தும் ஒரே தண்ணீரை நம்பி வளர்ந்தவை, ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றவை வழியிலேயே வந்துவிடும்.

தமிழ்நாடு முழுவதையும் பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் மாவட்டத்திலிருந்து. காலையில் பஸ் ஏறி, பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்தில் தொடங்குங்கள். பக்கத்தில் இருந்தால்தான் ஒரே இடத்துக்கு மறுபடி போக முடியும், மறுபடி போனால்தான் அந்த இடம் பிடிபடும். ஐப்பசியில் ததும்பி நின்ற கண்மாய் வைகாசியில் வெடித்துக் கிடக்கும், திருவிழா அன்று நெரிந்த கோயில் சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேறு கோயிலாக இருக்கும். மூன்று நாளில் ஒன்பது ஊர் என்று ஓடுகிற சுற்றுலாவில் இதெல்லாம் கண்ணில் படாது. மாநிலத்தில் 38 மாவட்டங்கள் இருக்கின்றன, அவசரமே இல்லை.

எங்கள் மாவட்டத்தில் பார்க்க ஒன்றுமே இல்லையே?

இந்தக் கேள்வியை எல்லா மாவட்டத்துக்காரர்களும் கேட்கிறார்கள், எந்த மாவட்டத்துக்கும் அது உண்மையில்லை.

அரியலூரை எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் லாரிப் புழுதியும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். அந்தச் சுண்ணாம்புக்கல் அங்கே ஏன் கிடைக்கிறது என்று கேட்டால் கதை வேறு எங்கோ போகும். டைனோசர்கள் வாழ்ந்த கிரேட்டேசியக் காலத்தில் அந்தப் பகுதியில் கடல் இருந்தது. அப்போது வாழ்ந்த அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர், சிப்பி வகைகள், சுறாவின் பற்கள் எல்லாம் கல்லாகிக் கிடக்கின்றன, வாரணவாசியில் அதற்கென்றே ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீள மரம் ஒன்று முழுக்கக் கல்லாகிப் படுத்திருக்கிறது. அதே அரியலூர் மாவட்டத்தில்தான் ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரமும், நீர்ப்பறவைகள் வந்து குவிகிற கரைவெட்டி ஏரியும் இருக்கின்றன. ஒன்றுமே இல்லாத மாவட்டம்!

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் போனால் நடுகற்கள். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் எடுத்த கல், வயல் வரப்பிலும் வேப்பமரத்தடியிலும் நிற்கும், இன்னும் பொங்கல் வைக்கிற ஊர்கள் உண்டு. கரூர் பக்கத்தில் புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேர இரும்பொறை மன்னர்களின் பெயர் தமிழி எழுத்தில், அதாவது தமிழ்-பிராமி என்கிற பழைய எழுத்தில், இருக்கிறது. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு சின்னக் குகை, அதில் ‘அதியந் நெடுமாந் அஞ்சி’ என்று வெட்டியிருக்கிறார்கள். பள்ளிப் பாடத்தில் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவராகப் படித்த அதே அதியமான். 1981 வரை அந்தக் கல்வெட்டு யாருக்கும் தெரியாமலே இருந்தது.

ஒரே பயணத்தில் எல்லாம் வேண்டும் என்றால் எங்கே போகலாம்?

ஓர் ஆற்றைப் பிடியுங்கள். என்னைக் கேட்டால் தாமிரபரணி. பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலில் சேருகிறது, பிறப்பதும் சேருவதும் நம்ம மாநிலத்துக்குள்ளேயே. மலையில் தென்மேற்குப் பருவமழை, சமவெளியில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டையும் வாங்கிக்கொள்கிற ஆறு என்பதால்தான் திருநெல்வேலிச் சீமையில் கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைந்தது. அந்த நெல்லுக்குப் பின்னால் அக்ரகாரங்களும் கோயில்களும் மடங்களும் நாகஸ்வரமும் வந்தன.

பாபநாசத்திலிருந்து தொடங்குங்கள். அதற்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டித்தான் போக வேண்டும். கீழே இறங்கினால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஆற்றோடு ஊர்கள் வரும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், பத்தமடையில் பாய். ஆற்றோரக் கோரையைக் கிழித்து, ஊறவைத்து, பட்டுத்துணிபோல மடிக்கிற அளவுக்கு நுணுக்கமாக நெய்கிறவர்கள் பத்தமடையில் இன்னும் இருக்கிறார்கள். நெய்கிற இடத்தில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள்.

வழியில் அணைக்கட்டுகளைக் கவனியுங்கள். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு இருக்கின்றன, கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. மதில்போல உயரமாகத் தண்ணீரை மறிக்கிற அணைகள் இல்லை இவை. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கல் அடுக்கி, கொஞ்சம் தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பிவிட்டு மீதியைப் போகவிடுகிற ஏற்பாடு. அந்தக் கால்வாய்கள் நிரப்புகிற குளங்களில்தான் சனவரி மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஆறு, அணைக்கட்டு, கால்வாய், குளம், பறவை என்று ஒரே சங்கிலி.

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைப் பார்த்துவிட்டுத் திருச்செந்தூர் சாலையில் போனால் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் வரும். நாயக்கர் காலத் தூண் சிற்பங்கள், நகமும் நரம்பும் தெரிகிற வேலை. அதே சாலையில் ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மனிக்காரரான யாகர் தோண்டினார், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார், தங்க நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பொருள்கள், இரும்புக் கருவிகள், வரிசை வரிசையாக முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. தோண்டிய குழியிலேயே தாழிகளை விட்டுவைத்து மேலே கண்ணாடி பதித்துக் காட்டுகிறார்கள், காலுக்குக் கீழே தாழி இருக்கும். அப்புறம் ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வார் இருந்த புளியமரம், சுற்றிலும் நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்கள். கடைசியில் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம், சங்கப் பாடல்களில் வருகிற ஊர். இன்றைக்குப் போனால் வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு கிராமம், கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணால் கரை தள்ளிப்போனதை நிலத்தில் நின்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. காவிரிக்காரர்கள் காவிரியை, வைகைக்காரர்கள் வைகையை இதே மாதிரி பார்க்கலாம். கீழடியே அப்படி ஆற்றோடு நடந்ததில்தான் கிடைத்தது. வைகைக் கரையோரமாக ஆய்வு செய்து 293 இடங்களைக் குறித்தார்கள், அதில் ஒரு தென்னந்தோப்பில்தான் 2015-இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது.

அப்படியானால் தஞ்சாவூர், மாமல்லபுரம் எல்லாம் வேண்டாமா?

யார் சொன்னது? கட்டாயம் போங்கள். ஆனால் அவசரமாகப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் போகிற அன்றைக்கோ மறுநாளோ கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அப்பா முதலாம் ராஜராஜன் தஞ்சையில் கட்டிய விமானம் நிமிர்ந்து நிற்கிறது, மகன் ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டியது உட்குழிந்து வளைகிறது, இரண்டாம் ராஜராஜன் கட்டிய தாராசுரத்தில் அளவு சுருங்கி நுணுக்கம் கூடிவிடுகிறது, அறுபத்துமூவர் கதைகளைக் குனிந்து பார்க்கிற உயரத்தில் சின்னச் சின்னச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் யுனெஸ்கோவும் பட்டியலில் வைத்திருக்கிறது.

மாமல்லபுரம் போனால் கொஞ்சம் வடக்கே சாளுவன்குப்பம் வரை போய்விட்டு வாருங்கள். 2004 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனபோது ஒரு பாறைக் கல்வெட்டு வெளியே தெரிந்தது, அதைப் பிடித்துத் தோண்டியதில் பழைய முருகன் கோயில் ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்குக் கீழே அதற்கும் முந்திய செங்கல் கட்டுமானம்.

கோயிலுக்குப் போனால் சாமி கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். வேறு என்ன பார்ப்பது?

சுவரைப் பாருங்கள், முக்கியமாகக் கருவறைச் சுற்றுச் சுவரின் அடிப்பகுதி. அங்கேதான் கல்வெட்டுகள் நிறைய இருக்கும். சோழர் காலத் தமிழ் எழுத்தை நீங்கள் படிக்க முடியும், கொஞ்சம் பழக்கம்தான் வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டியிருக்க மாட்டார்கள், நடுநடுவே வடசொற்களுக்கான கிரந்த எழுத்து வரும். இது மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு வரியை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பாருங்கள். முதலில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ வரும். அப்புறம் அரசனின் புகழைச் சொல்கிற மெய்க்கீர்த்தி. ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’ என்று தொடங்கினால் முதலாம் ராஜராஜன், இந்த ஒரு வரி தெரிந்திருந்தாலே பல ஊர்க் கோயில்களில் காலத்தைச் சொல்லிவிடலாம். அதன்பின் ‘யாண்டு’ என்று ஆட்சியாண்டு, ஊர், நாடு, கொடுத்தவர் பெயர், கொடுத்தது என்ன.

கொடுத்தது என்ன என்பதில்தான் சுவாரசியமே. அணையாமல் எரிகிற நந்தா விளக்குக்கு ஆடு கொடுப்பார்கள், ‘சாவா மூவாப் பேராடு’ தொண்ணூற்றாறு. ஆடு சாகும், மூப்படையும், ஆனால் ஈன்றுகொண்டே இருப்பதால் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது மேய்ப்பவரின் பொறுப்பு, அவர் தினம் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கடைசியில், இதைக் காத்தவர் பாதம் என் தலைமேல் என்றும், கெடுத்தவர் கங்கைக்கும் குமரிக்கும் நடுவில் செய்தவர் செய்த பாவமெல்லாம் கொள்வார் என்றும் முடியும். ஒரு விளக்குக்கு இத்தனை ஏற்பாடு.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லில் வெட்டச் சொன்னான். அக்கா கொடுத்தது தன் பெயருக்கு அடுத்தபடியாகவே நிற்கிறது. அதே கோயிலில் ஆடிப் பணிசெய்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர் எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பது வரை இருக்கிறது. ஆயிரம் ஆண்டு முந்திய ஆட்டக்காரப் பெண்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் படிக்க முடிகிற இடம் இது, எனக்கு அந்த உயரமான விமானத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

உத்திரமேரூரையும் விட்டுவிடாதீர்கள். 919, 921 என்ற இரண்டு ஆண்டுகளின் கல்வெட்டுகள், முதலாம் பராந்தகன் காலம், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறை. 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்க முடியாது. அன்றைக்கு எல்லோருக்கும் அந்த உரிமை இல்லை, நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஊர்ச்சபை அது. இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்வாக விழும்போது போனால் எழுத்து பளிச்சென்று தெரியும். சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். நல்ல படம் எடுத்து வீட்டில் பெரிதாக்கிப் படிக்கலாம். பெரும்பாலான கோயில்கள் மத்தியானம் பன்னிரண்டு மணிவாக்கில் நடைசாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும், அந்த நேரத்தை அருங்காட்சியகத்துக்கோ சாப்பாட்டுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரியில் போய் என்ன பார்ப்பது, வெறும் தண்ணீர்தானே?

ஏரிதான் இந்த மாநிலத்தின் பெரிய கட்டடக்கலை என்று நான் சொல்வேன். மலையும் வற்றாத ஆறும் இல்லாத சமவெளியில், மூன்று மாத மழையை வைத்து வருஷம் முழுக்கப் பிழைக்கச் செய்த ஏற்பாடு இது. வடக்கே ஏரி, மதுரை ராமநாதபுரம் பக்கம் கண்மாய், நெல்லை குமரிப் பக்கம் குளம். கரைமேல் ஏறி நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வரத்துக்கால் தேடுங்கள், மிகுதி எங்கே போகிறது என்று கலிங்கு தேடுங்கள். கலிங்கில் வழிகிற தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிறைந்து அதற்கடுத்த ஏரிக்கு. நடுவில் ஓர் ஏரி பஸ் ஸ்டாண்டாகிவிட்டால் கீழே இருக்கிற அத்தனையும் காய்ந்துபோகும், மழைக்காலத்தில் ஊருக்குள் தண்ணீர் வந்து நிற்கும்.

புதுக்கோட்டை பக்கம் குளங்களுக்குள் இரண்டு கல்தூண்கள் ஜோடியாக நிற்பதைப் பார்க்கலாம். குமிழித்தூம்பு, குளத்து நீரை வயலுக்குத் திறந்துவிடுகிற பழைய மதகு. அதற்கு அடியில் கல்தொட்டி, அதில் மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. மேல்துளையைத் திறந்தால் வயலுக்குத் தெளிந்த நீர் போகும், கீழே உள்ளவை படிகிற வண்டலை இழுத்துக்கொண்டு போகும். தூணில் அதைச் செய்துகொடுத்தவர் பெயரும் இருக்கலாம், தண்ணீர் வற்றுகிற கோடையில் போனால் படிக்கலாம். புதுக்கோட்டை வரை போனால் சித்தன்னவாசல் ஓவியம், நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, கொடும்பாளூர் மூவர் கோயில் என்று ஒரு வாரம் தங்க வேண்டியிருக்கும்.

பறவை பார்க்கப் பெரிய கேமரா வேண்டுமா?

வேண்டாம். ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஏரிக்கரையில் நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, முக்குளிப்பான், நாமக்கோழி இதையெல்லாம் வெறும் கண்ணால் பழகிவிடலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். வேடந்தாங்கலில் மரமெல்லாம் கூடாக இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் அரசாங்கச் சரணாலயம் என்ற ஒன்று வருவதற்கு வெகு முன்பிருந்தே பறவைகளைக் காத்து வருகிறார்கள், பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்று அவர்களுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டும். கோடியக்கரையில் பூநாரைகளோடு வெளிமானும் பார்க்கலாம்.

தொடக்கக்காரர்களுக்கு நல்ல வழி, பொங்கல் நாட்களில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் சேர்வது. பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்று பார்த்ததை இ-பேர்டு தளத்தில் ஏற்றினால் போதும், மொட்டைமாடியிலிருந்தே செய்யலாம்.

எந்த மாதம் எங்கே போவது?

சமவெளிக் கோயில், கோட்டை, குன்றுகளுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி. செஞ்சிக் கோட்டையில் சித்திரை வெயிலில் ஏறினால் பாறைச் சூடே ஆளைச் சாய்த்துவிடும், 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபிறகு கூட்டமும் கூடியிருக்கிறது, விடியலில் போய்விடுங்கள். குற்றாலம் ஜூன் முதல் ஆகஸ்ட், ஆனால் வெள்ள எச்சரிக்கை கொடுத்தால் அருவிப்பக்கம் போகவே கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவும் கடற்கரையும் பச்சைப்பசேலென்று இருக்கும், புயல் செய்தியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். குறிஞ்சிப் பூவுக்குப் பொறுமை வேண்டும்: 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலை நிறையப் பூத்தது, அடுத்தது 2030.

மலைக்கும் காட்டுக்கும் அனுமதி வாங்க வேண்டுமா?

ஆமாம், இதில் விளையாடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறிகள் பலர் உயிரிழந்தார்கள். இப்போது ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற இணையதளத்தில் வனத்துறை அனுமதித்த பாதைகளுக்கு முன்பதிவு செய்துகொண்டு போகலாம், 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள், எளிது முதல் கடினம் வரை தரம் பிரித்திருக்கிறார்கள், உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாக வருகிறார்கள். தீ அபாயமுள்ள கோடைக்காலத்தில் மூடிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் யாராவது தனியாக அழைத்துப்போகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. என் ஆலோசனை, மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயிலில் ஏறுங்கள். 46 கிலோமீட்டர், கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறும், சமவெளிக் காடு மெல்ல மெல்லச் சோலைக்காடாக மாறுவதை ஜன்னலிலேயே பார்க்கலாம். டிக்கெட் மட்டும் வெகு முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். ஊட்டி கூட்டம் ஒத்துவராதவர்களுக்குக் கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது, பச்சைமலை எல்லாம் இருக்கின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலையை நாம் போதுமான அளவு பார்க்கவே இல்லை.

கூத்து பார்க்க வேண்டும். எங்கே, எப்போது?

பங்குனியிலிருந்து ஆடி வரை, திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, பத்து இருபது நாளுக்குக் கதை நகர்ந்து, போரின் முடிவை நடித்துக் காட்டுகிற படுகளத்திலும் தீமிதியிலும் முடியும். அர்ச்சுனன் தபசு அன்றைக்குப் போனால் அர்ச்சுனன் வேடக்காரர் உயரமான கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவதைப் பார்க்கலாம். புரிசை கூத்துக்குப் பெயர்போன ஊர். நகரத்து அரங்கில் ஒரு மணி நேரம் சுருக்கிப் போடுவதைப் பார்த்துவிட்டுக் கூத்து பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். பாய் எடுத்துக்கொண்டு போய் விடியும்வரை ஊர்க்காரர்களோடு உட்காருங்கள், நடுவில் தூங்கினாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தெற்கே போனால் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து. மே மாதத்தில் தஞ்சாவூர் பக்கத்து மெலட்டூரில் பாகவத மேளா என்கிற நாட்டிய நாடகம்.

நாகூர் தர்காவின் கந்தூரி விழா, செப்டம்பர் 8-இல் முடிகிற வேளாங்கண்ணித் திருவிழா, மதுரை சித்திரைத் திருவிழா இந்த மூன்றுக்கும் எல்லா மதத்தினரும் வருகிறார்கள். தங்குமிடத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு இதெல்லாம் போரடிக்காதா?

அரசர் பெயரும் ஆண்டும் சொன்னால் போரடிக்கும். மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசு சிற்பத்தில் ஒற்றைக்காலில் தவம் செய்கிற பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கீழடி அருங்காட்சியகத்தில் சுடுமண் வட்டச் சில்லுகளையும் பகடையையும் காட்டுங்கள், அவர்கள் ஆடுகிற பாண்டி ஆட்டத்துச் சில்லுபோலவே இருக்கும். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும்.

கார் இல்லை. செலவும் அதிகம் செய்ய முடியாது.

டவுன் பஸ் போதும். சொல்லப்போனால் நான் குறிப்பிட்ட கிராமங்களில் பாதிக்கு அதுதான் சரியான வண்டி, பக்கத்து இருக்கைக்காரர் இறங்குகிற இடமும் சொல்வார், ஊர்க் கதையும் சொல்வார். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கடைசி பஸ் நேரத்தை மட்டும் ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழங்குடி மக்கள் வாழும் ஊர்களுக்குப் போகலாமா?

அழைப்பும் அறிமுகமும் இருந்தால் போகலாம். நீலகிரியில் தோடர் மந்துகள் மக்கள் குடியிருக்கிற வீடுகள், அவர்கள் கோயில் வெளியாருக்கு உரியதில்லை. எட்டிப்பார்க்கிறது, கேட்காமல் படம் எடுக்கிறது, குழந்தைகளுக்கு மிட்டாய் வீசுகிறது இதெல்லாம் கூடவே கூடாது. அவர்கள் பூத்தையல் போட்ட சால்வையை விலை பேரம் பேசாமல் நேராக அவர்களிடமே வாங்குங்கள். சுவாமிமலையில் தேன்மெழுகில் உருவம் செய்து காவிரி வண்டல் பூசி வார்க்கிற சிற்பிகளுக்கும், ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் கையால் வார்த்து ஓடு செய்கிறவர்களுக்கும் இதே மரியாதை வேண்டும்.

போவதற்கு முன் எங்கே படிப்பது?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன, ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கோயில் தலபுராணம், கல்வெட்டுத் தொகுதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று சொல்லாததை மற்றது சொல்லும். சென்னைக்காரர்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், சோழர் செப்புத்திருமேனிகள் உள்ள எழும்பூர் அருங்காட்சியகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. அருங்காட்சியகங்களின் வார விடுமுறை இடத்துக்கு இடம் மாறும், கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

சுற்றும்போது பழைய கல்வெட்டோ பானை ஓடோ கண்ணில் பட்டால் என்ன செய்வது?

தொடாதீர்கள், எடுக்காதீர்கள், தோண்டவே தோண்டாதீர்கள். ஒரு பானை ஓடு எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் காலம் தெரியும், வீட்டு ஷோகேஸுக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு. அளவு தெரிய ஒரு பேனாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், செல்போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், நிலத்துக்காரரிடம் பேசுங்கள், அப்புறம் கிராம நிர்வாக அலுவலருக்கும் மாவட்டத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். சிலை, காசு போன்ற புதையலாக இருந்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இணையத்தில் சரியான இடத்தைப் போட்டுவிடாதீர்கள், புதையல் தேடுகிறவர்கள் உங்களுக்கு முன் போய்விடுவார்கள்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு அடையாளம் கண்ட நடுகற்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆள் உயரம்கூட இல்லாத கற்கள். ஒன்றில் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று தமிழி எழுத்தில் இருக்கிறது: கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல். நமக்குக் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை இவைதாம். யாராவது அதைப் பெயர்த்துப் படிக்கல்லாகப் போட்டிருந்தால் அந்தவன் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.